மனுசனைப் படிக்கப் போற பேத்திக்கு

வா ஆத்தா, உக்காரு. மானிடவியல் படிக்கப் போறேன்னு நிக்கிறியாம்ல? உங்கப்பன் மூஞ்சி விழுந்து கெடக்கு. ஒண்ணு பண்ணு. கலெக்டர் பரீட்சையில இந்தப் பாடத்தை எடுக்கலாம், ரெண்டு பேப்பர், 500 மார்க்குன்னு அவன் காதுல போட்டு வையி. நீ கலெக்டர் ஆகுறியோ இல்லியோ, படிச்சு முடிக்கிற மட்டும் வாயத் தொறக்க மாட்டான்.

எனக்குத்தான் ஒரு சந்தேகம். மாமன் வந்தா போனுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு "ம்"ங்கிறவ, ஊரான் திண்ணையில உக்காந்து அவன் கதையக் கேப்பியா?

உன் புத்தகத்தைத் தம்பி வாசிச்சுக் காமிச்சான். மெட்ராஸ் மியூசியத்துல இருந்த தர்ஸ்டன் தொரை ஊரு ஊராப் போயி மண்டையையும் மூக்கையும் அளந்தாராம். 1909ல ஏழு புத்தகம் போட்டாராம். மூக்கை அளந்து என்னத்தக் கண்டாரு? மாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பார்த்தா வயசாச்சும் தெரியும்.

நீலகிரிக்கு வந்த ரிவர்ஸ் வெவரமான ஆளு. தோடருங்க செத்த முன்னோர் பேரைச் சொல்ல மாட்டாங்க. வம்சாவளி எழுத வந்தவரு விட்டாரா? அடுத்த குடும்பத்துக்காரன்கிட்டக் கேட்டு எழுதிப்புட்டாரு. இதைப் படி, இது வித்தை. உங்க அப்பத்தா பொறந்த வீட்டுச் சண்டைய அவகிட்டயே கேட்டா அன்னிக்கு உனக்குச் சோறு கெடையாது. எதிர்த்த வீட்டுக்காரி காப்பித்தண்ணி குடுத்துச் சொல்லுவா.

நம்ம உசிலம்பட்டிப் பக்கமே துய்மோன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு வந்து, பிரமலைக் கள்ளருங்களப் பத்தி 1957ல தடிப் புத்தகம் போட்டாரு. மொறைப்பொண்ணு, தாய்மாமன் சீருன்னு ஒண்ணு விடல. வாங்குனவன் திருப்பிச் செஞ்சாகணும்னு மோஸ்னு இன்னொரு பிரெஞ்சுக்காரரு 1925லயே எழுதினாராமே? மொய் எழுதுறவனக் கேட்டிருந்தா ஒரே நாள்ல சொல்லியிருப்பான்.

பரண்ல தகரப்பொட்டிக்குள்ள நம்ம மொய் நோட்டு கெடக்கு, எடுத்துக்க. பேரு, ஊரு, ரூவா எல்லாம் இருக்கும். காதுகுத்துல இருக்குற பேரு கல்யாணத்துல காணலைன்னா நடுவுல ஒரு வரப்புத் தகராறு இருக்குன்னு அர்த்தம். அதை எழுதிக்க. உன் பெரிய மாமன் பேருக்கு நேரா சிவப்பு மையில சுழிச்சிருப்பேன். அந்தப் பக்கத்தை மட்டும் வாத்தியாருகிட்டக் காட்டிப்புடாத. பணம் இன்னும் வரணும்.