மருமகன் வெளுக்கிற பித்தளை

வா மருமகனே. அந்த மூட்டை மேல உக்காராதே, மட்டாஞ்சேரி சேட்டு வீட்டு வெள்ளை. திண்ணையில உக்காரு. டெக்சாஸ்ல இருந்து வந்தவன் வாயில கிரீன் கார்டு வரும், வீடு வாங்கின கதை வரும்னு உங்கம்மா காத்துக் கிடக்கா. நீ என்னடான்னா ரிவால்வர் தோட்டாவுக்கு வாயை மடிக்கணுமா வேண்டாமான்னு எங்கிட்ட வந்து கேக்கிறே. ஆளைச் சரியாத்தான் புடிச்சே.

வெளுப்பு வேலை வேண்டாம்னுதானே கம்ப்யூட்டர் படிச்சே? டச்சுக்காரன் தன் பட்டாளத்துச் சட்டையை வெளுக்க நம்ம முப்பாட்டன்மாரைத் தமிழ்நாட்டுல இருந்து கூட்டிட்டு வந்தான்னு சொல்லுவாங்க. டச்சுக்காரன் போய்ட்டான். நாம இன்னும் ஃபோர்ட் கொச்சி டோபிகானாவுல கல்லுல அடிச்சுக்கிட்டிருக்கோம். நீ ஒருத்தன் தப்பிச்சே. போய் என்ன பண்றே? திரும்பத் தோட்டா பண்றதுக்காகச் சுட்டுப் போட்ட பித்தளைக் கூடெல்லாம் பொறுக்கி, டிரம்ல தண்ணி ஊத்தி, சோப்பு போட்டு, ஸ்டீல் ஊசியும் போட்டுச் சுத்த விட்டு, துண்டு விரிச்சுக் காயப் போடுறே. போட்டோவுல பார்த்தேன். அடேய், அதுக்குப் பேரும் வெளுப்புதாண்டா!

துப்பாக்கி சமாச்சாரம் மாமனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதே. பீரங்கி சுடக் கத்துக்கொடுக்கிற ஐ.என்.எஸ். துரோணாச்சார்யா இங்கதானே இருக்கு. முப்பது வருஷம் அந்த வெள்ளை யூனிஃபார்ம் தேச்ச கை இது. சட்டை வாங்க வர்றவன் சும்மா போவானா, நாலு கதை சொல்லிட்டுத்தான் போவான். மீதியை நேத்து ராத்திரி பதினொரு மணி வரைக்கும் நீயே சொன்னே. என் தூக்கம் போச்சு.

இந்தக் கொடியைப் பாரு. ரெண்டு கயிறை முறுக்கிக் கட்டியிருக்கு. ஒரு கிளிப்பு உண்டா? முறுக்கை விரிச்சுத் துணி முனையைச் சொருகினா, கயிறே கடிச்சுக்கும். கடல்காத்து என்ன ஆட்டம் ஆடினாலும் விடாது. உன் தோட்டாவும் அப்படித்தான். குண்டைப் புடிச்சு வைக்கிறது கூட்டோட கழுத்துப் பிடி. வாய் மடிப்பு அதுக்கு மேல மாட்டுற கிளிப்பு. முறுக்கு தளர்ந்த கொடியில நூறு கிளிப்பு மாட்டிட்டுத் தூங்கப் போறவனை நான் வேலைக்கு வச்சுக்க மாட்டேன்.

ஆனா ரிவால்வர்னா கிளிப்பு வேணும். உருளையில ஒரு அறை வெடிச்சதும் துப்பாக்கி பின்னால உதைக்குது. மத்த அறையில இருக்கிற கூடெல்லாம் அதோட சேர்ந்து பின்னால போகுது. கனத்த குண்டு மட்டும் இருந்த இடத்துலயே நிக்கப் பாக்குது. கண்டக்டர் பெல் அடிச்சதும் பஸ் முன்னால போகும், கம்பியைப் புடிக்காத ஆளு பின்னால சாய்வானே, அந்தக் கணக்கு. நாலு உதை வாங்கினா குண்டு மூக்கை நீட்டிடும். நீட்டின மூக்கு சட்டத்துல இடிச்சா உருளை சுத்தாது. 1935ல வந்துச்சே .357 மேக்னம், அது மாதிரி முரட்டு உதைக்கும், மெதுவா எரியிற மருந்துக்கும் வாய் நல்லா மடங்கி, குண்டோட இடுப்புல அரைஞாண் தடம் மாதிரி இருக்கிற பள்ளத்துல உக்காரணும். சாது .38ஐ வச்சு அட்டையைச் சுடுறவனுக்குத் தொட்டும் தொடாம மடிச்சாப் போதும்.

லீவர் ரைஃபிள்ல கதை தலைகீழ். தோட்டா வைக்கிற குழல்ல ஒண்ணு பின்னால ஒண்ணா நிக்குது, பஜார் ரோட்டுல மிளகு லாரி நிக்கிற மாதிரி. ஸ்பிரிங் ஒரு பக்கம் நெருக்கும். ஒவ்வொரு உதைக்கும் பின்லாரி மூக்கு முன்லாரி முதுகுல இடிக்கும். அங்க குண்டு வெளிய ஓடும், இங்க உள்ள போகும். உள்ள போனா மருந்துக்கு இடம் குறைஞ்சு அழுத்தம் ஏறும். மூக்கு கூரா இருந்தா முன்தோட்டா முதுகுல இருக்கிற, தீ மூட்டுற பிரைமரைக் குத்திக் குழலுக்குள்ளயே தீபாவளி வந்துடும். அதனாலதான் .30-30க்குத் தட்டை மூக்கு. பாவம் அந்த .44-40. 1873ல வின்செஸ்டர் ரைஃபிளுக்குப் பொறந்துச்சு, அப்புறம் கோல்ட் ரிவால்வரும் சேர்த்துக்கிச்சு. ஒரு மாமியார் வெளிய இழுக்கிறா, இன்னொருத்தி உள்ள தள்றா. மடிப்பு இல்லாம அது எப்படிக் குடித்தனம் பண்ணும்?

அதுக்காக டெக்சாஸ் மாட்டுக்கறி தின்ன வலுவை மடிக்கிற பிடியில காட்டாதே. காலருக்கு வாராவாரம் கஞ்சி ஏத்தி, மடிப்புல அழுத்தித் தேச்சா என்ன ஆகும்? மடிப்புலதான் மொதல்ல பிஞ்சு வரும். பித்தளையும் மடிச்சு விரிச்சு, மடிச்சு விரிச்சுக் கெட்டியாகி வாய் கீறும். இன்னொரு கூத்து கேளு. அதிகமா நசுக்கினா ஈயக்குண்டு நசுங்கினது நசுங்கினபடியே கிடக்கும், பித்தளை மட்டும் கொஞ்சம் திரும்பி விரியும். இறுக்கினோம்னு நீ மீசை முறுக்குவே, உள்ள இளகிப் போயிருக்கும். கூடெல்லாம் ஒரே உயரமா வெட்டாம ஒரே பிடியில மடிச்சா, நெட்டைக்கு நெரிசல், குட்டைக்குப் பட்டினி. 9 எம்எம் பிஸ்டல் பக்கம் மட்டும் இப்படி வாயைச் சுருட்டி மடிக்கிற வேலை வேண்டாம். அது கூட்டு வாய் விளிம்பை ஊனித்தான் அறையில நிக்குது, அதைச் சுருட்டினா எதுல நிக்கும்?

இதெல்லாம் அங்க உன் கராஜோட இருக்கட்டும். இங்க 1959 ஆயுதச் சட்டம் இருக்கு. லைசென்ஸ் இல்லாம கொல்லையில உக்காந்து தோட்டா பண்ணினா உனக்கும் வெள்ளை உடுப்புதான். வெளுக்கிறது மட்டும் நான் இல்லை, ஜெயில்ல வேற ஆளு.

எவ்வளவு மடிக்கணும்னு எங்கிட்ட கேட்டுப் புண்ணியமில்லை. ஆறு தோட்டாவோட நீளத்தையும் அளந்து எழுதி வச்சுக்கோ. அஞ்சைச் சுடு. ஆறாவதைச் சுடாம எடுத்துத் திரும்ப அளந்து பாரு. வளர்ந்திருந்தா மடிப்போ கழுத்துப் பிடியோ சரியில்லை. வளரலைன்னா அதுக்கு மேல ஒரு நூல் கூட அமுக்காதே. ரைஃபிளுக்குக் குழல்ல கடைசி வரைக்கும் காத்துக் கிடந்ததை எடுத்து அளந்து பாரு, அது குள்ளமாகியிருக்கக் கூடாது.

எழுந்திரு, மேகம் கட்டுது. கொடியில கிடக்கிறதெல்லாம் எடுக்கணும். பித்தளை வெளுக்கிற கைதானே, சேட்டு வேட்டியைக் கசங்காம மடி பாப்போம்.