பிரம்மபுத்திரக் கரையில் ஒரு தலையாட்டி பொம்மை

நாகர்கோவிலிலிருந்து குவாஹாட்டிக்கு மாற்றல் என்று உத்தரவு வந்ததும் வீட்டில் ஆளுக்கொன்றுக்குப் பயந்தார்கள். அம்மா வெள்ளத்துக்குப் பயந்தாள். மாமனார் குண்டுவெடிப்புக்கு, அசாமைப் பற்றி அவர் செய்தி படித்தது 1990களோடு நின்றுபோயிருந்தது. மனைவி குளிருக்கு. நான் ஹிந்திக்கு. ஒவ்வொருவர் பயத்துக்கும் ஒரு பொருளாகப் பெட்டியில் ஏறியது: கம்பளிக் குல்லா, டார்ச் லைட், காய்ச்சல் மாத்திரை, முப்பது நாளில் ஹிந்தி கற்றுத்தரும் புத்தகம். வெற்றிலை பாக்குக்கு மட்டும் யாரும் பயப்படவில்லை. என்னை முதலில் சாய்த்தது அதுதான்.

வங்கியில் பதவி உயர்வு என்றால் என்ன என்று வங்கிக்காரர்களுக்குத் தெரியும். சம்பளத்தில் கொஞ்சம் கூட்டி, தூரத்தில் நிறையக் கூட்டுவார்கள். எனக்குக் கூட்டிய தூரத்துக்கு ஒரே ரயில் இருந்தது ஓர் ஆறுதல். கன்னியாகுமரிக்கும் திப்ருகருக்கும் இடையே 2011 நவம்பரில் ஓடத் தொடங்கிய விவேக் எக்ஸ்பிரஸ், 4,100 கிலோமீட்டருக்கும் மேல் போகிறது. இந்தியாவில் இதைவிட நீளமான ரயில் பயணம் கிடையாது. நாகர்கோவில்காரனுக்கு இதில் கூடுதலாக ஒரு சலுகை உண்டு: தமிழ்நாட்டை இரண்டு முறை பிரியலாம். பாறசாலையில் கேரளத்துக்குள் நுழையும்போது ஒருமுறை கண் கலங்கினேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயில் மறுபடி கோவை, சேலம், காட்பாடி என்று நம்மூருக்குள்ளேயே வந்து, பிறகுதான் ஆந்திரத்துக்குள் போகிறது. அங்கே இரண்டாம் முறை கண் கலங்க முயன்றேன். பசிதான் வந்தது.

காட்பாடியில் பெட்டி நிறைந்தது. கையில் எக்ஸ்ரே உறை, பெரிய கோப்பு, மருந்துப் பை. வேலூரில் வைத்தியம் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் அசாமியர்கள். எதிர் இருக்கைக்கு வந்தவர் என்னைப் பார்த்து, "வேலூர்?" என்றார். அவர் வேலூரிலிருந்து வருவதைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். நான் வேலூர்க்காரனா என்று கேட்டிருக்கிறார். அதற்கப்புறம் வங்காள எல்லைவரை அவர் அப்பாவின் அறுவை சிகிச்சையைப் பற்றி ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார். நான் இடமும் வலமுமாக, மேலும் கீழுமாக, விடாமல் ஆட்டிக்கொண்டே வந்தேன். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புதிதாக மேலாளர் ஆனவனுக்கு அந்த வார்த்தை வாயில் வருவதில்லை.

அதற்குப் பிறகு நடந்த பலவற்றுக்கும் இந்தத் தலையாட்டலே காரணம். அசாமியர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர்கள் எதையும் கேட்காமல் செய்வதில்லை.

குவாஹாட்டியில் என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வாடகை பேசி முடித்ததும் உள்ளேயிருந்து காலும் மூடியும் வைத்த வெண்கலத் தட்டு வந்தது. சர்த்தேபாரி என்ற ஊர்க் கன்னார்கள் செய்வது; அசாமில் இது இல்லாத வீடு குறைவு. அதில் வெற்றிலை, சுண்ணாம்பு, கீறிய பாக்கு. எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. எங்கள் மாவட்டத்தில் கமுகு நிற்காத தோப்பு ஏது? என் தாத்தா இடிகல்லும் கையுமாகவே செத்துப்போனவர். வீட்டுக்காரர் ஏதோ கேட்டார். ஆட்டினேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் ஆட்டிவிட்டு, இருப்பதில் பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டேன்.

நம்மூரில் நாம் பெரும்பாலும் மெல்வது காயவைத்த பாக்கு. அங்கே பச்சையாகவோ, குழியில் புதைத்து நொதிக்கவைத்தோ மெல்கிறார்கள். இரண்டு நிமிஷத்தில் காது மடல் கொதித்தது. டிசம்பர் மாதத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த சங்கரதேவர் படம் மெதுவாக ஒருபக்கமாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கார அம்மா தண்ணீரும் விசிறியுமாக ஓடிவந்தார். அவர் கேட்ட இரண்டு கேள்விகள் என்ன என்று பிற்பாடு தெரிந்தது. "புதிதாகச் சாப்பிடுபவர்களுக்குத் தலை சுற்றும், பரவாயில்லையா?" "சின்னத் துண்டாக நறுக்கித் தரட்டுமா?"

சூரியன் விஷயத்தில் தலையாட்டல் இல்லை. அது தனி அவமானம். இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம், அது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. நாகர்கோவில் அதற்கு மேற்கே, குவாஹாட்டி கிழக்கே. இரண்டு ஊருக்கும் நடுவே 14 பாகை. பாகைக்கு 4 நிமிடம். ஆகவே அங்கே பொழுது நம்மைவிட ஒரு மணி நேரம் முந்தி நடக்கிறது. அதோடு பூமியின் சாய்வும் சேர்ந்துகொள்ள, டிசம்பரில் மாலை நாலரைக்கு அஸ்தமனம், ஜூனில் காலை நாலரைக்கு உதயம். தேயிலைத் தோட்டக்காரர்கள் இதை வெள்ளைக்காரன் காலத்திலேயே தீர்த்துக்கொண்டார்கள். தோட்டத்துக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்து, அதைத் தோட்ட நேரம் என்று சொல்லி இன்றும் சில தோட்டங்களில் வேலை நடக்கிறது.

இவ்வளவும் எனக்குப் பிறகு தெரிந்தது. டிசம்பரில் ஒருநாள் சன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. இத்தனை நேரம் உழைத்துவிட்டோமே என்று என்மேலேயே பரிதாபப்பட்டு, மேசையைப் பூட்டி, பையை மாட்டிக்கொண்டு, ஊழியர்களிடம் "நீங்களும் கிளம்புங்கள், உடம்பையும் பார்க்க வேண்டும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தேநீர்க் கடைக் கடிகாரத்தில் ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. திரும்பிப் போய்ப் பூட்டைத் திறப்பது கேவலம் என்று, போகாமல் இருந்தேன். மறுநாள் எல்லோரும் என்னைத் தனி மரியாதையோடு பார்த்தார்கள். ஜூனில் நேர்மாறு. முகத்தில் வெயில் அடித்ததும் பதறி எழுந்து, குளித்து, கிளைக்கு ஓடினேன். காவலாளி பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனில் பேசினால் அவளுக்கு வேறு கவலை. "விளக்கு வைக்க நேரத்துலயே சோறு தின்னுட்டியா? உடம்புக்கு என்னவும் செய்யுதா மக்களே?"

மீனைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். நான் கடற்கரை மாவட்டத்தான். நெய்மீனும் சாளையும் நெத்திலியும் கண்ணை மூடிக்கொண்டு வாசனையிலேயே சொல்வேன் என்று அலுவலகத்தில் பீற்றியிருந்தேன். உஜான் பஜாரில், பிரம்மபுத்திரக் கரையை ஒட்டிக் காலையில் மீன் சந்தை கூடும். ஆற்று மீன், ஏரி மீன். ஒன்றுகூட எனக்குத் தெரிந்த முகம் இல்லை. தெரியாதவன் கேட்பான். நான் கேட்கவில்லை, தெரிந்தவனைப் போல ஒரு அலுமினியப் பாத்திரத்தைக் காட்டினேன். அதில் தண்ணீருக்குள் மீசை வைத்த கறுப்பு மீன்கள் நெளிந்தன. மாகூர் என்பார்கள், நம் கெளுத்தி வகை. உடம்பு தேறுகிறவர்களுக்குக் கொடுக்கும் மீன்.

மீன்காரப் பெண் நிறுத்துவிட்டு அரிவாள்மணையைக் காட்டி எதையோ கேட்டாள். வெட்டித் தரட்டுமா என்றுதான் கேட்டிருக்கிறாள், அது எனக்கே புரிந்தது. சரி என்றுதான் ஆட்டினேன். தென்னாட்டுச் சரி, இடமும் வலமுமாக ஆடும் சரி. அவள் ஊரில் அதற்கு அர்த்தம் வேண்டாம். நான்கு மீன்களையும் அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். அவை செத்துவிடும் என்று நம்பி வாங்கிக்கொண்டேன்.

மாகூர் சாகாது. காற்றையும் மூச்சாக இழுக்கிற மீன் அது. ஈரம் இருந்தால் தரையில் ஊர்ந்தே ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகும். என் வீட்டில் சமையலறையிலிருந்து குளியலறைக்குப் போயிற்று. ஒன்று வாளிக்குப் பின்னால் புகுந்தது. பிடிக்கப் போனால் செவுள் பக்கத்து முள் குத்தி விரல் வீங்கியது. பிறகு குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்து யோசித்தேன். கடற்கரை மாவட்டத்தில் பிறந்திருந்தாலும் உயிரோடிருக்கும் மீனை நான் அதுவரை தொட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் மீன்காரி வெட்டிக் கழுவித்தான் தருவாள். கடைசியில் வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டேன். சாம்பலைத் தொட்டுக்கொண்டு வந்து நான்கையும் நிமிடத்தில் பிடித்துவிட்டார். வழுக்காது என்று சைகையில் எனக்குப் பாடமும் நடத்தினார். அன்று இரவு அவர் வீட்டிலிருந்து எனக்குக் குழம்பு வந்தது. மூன்று மீன் குழம்பு என்று நினைக்கிறேன், கேட்கவில்லை.

வீட்டுக்காரர்கள் குடியிருப்பது முன்பக்கத்துப் பழைய வீட்டில். மரச்சட்டம், நாணலைப் பின்னி மண்பூசிய சுவர், தகரக் கூரை. பின்னால் கான்கிரீட்டில் மாடி கட்டி எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பணம் இருந்தும் குடிசையில் இருக்கிறார்களே, கஞ்சத்தனம் என்று ஊருக்குப் போன் செய்தபோது சொல்லியிருக்கிறேன். அது அசாமுக்கே உரிய வீட்டு முறை. 1897 ஜூன் 12 அன்று வந்த பூகம்பத்தில் ஷில்லாங்கிலும் குவாஹாட்டியிலும் கல் கட்டடங்கள் சரிந்த பிறகு, விழுந்தாலும் ஆளைக் கொல்லாத வீடாக அது பரவியது. 1950 ஆகஸ்ட் 15 அன்று வந்தது இன்னும் பெரியது, 8.6. மொத்த வடகிழக்கும் நாட்டிலேயே அதிக நிலநடுக்க அபாயமுள்ள வட்டாரம். சின்ன ஆட்டங்கள் அடிக்கடி வரும்.

எனக்கு முதல் ஆட்டம் வந்த காலை, தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். முந்தின நாள் யாரோ கொடுத்த பாக்கை மறுபடி மென்றிருந்தேன். அதன் மிச்சம் என்று முடிவு செய்து கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கட்டிலும் ஆடியது. கிறக்கம் முற்றிவிட்டது என்று பட்டது. கீழே சத்தம் கேட்டது. தெருவே வெளியில் நின்று, மாடியைப் பார்த்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. உடம்பு சரியில்லை, பிறகு வருகிறேன் என்று சன்னல் வழியாகக் கையைக் காட்டினேன்.

கமோசா விஷயத்தை விரித்து எழுத வெட்கம். ஏப்ரலில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி, அவர்களுக்கு ரொங்காலி பிஹு. கமோசா என்னும், சிவப்புப் பூ நெய்த வெள்ளைத் துணியைப் பெரியவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் மரியாதையாகப் போர்த்துவார்கள். எனக்கும் போர்த்தினார்கள். பருத்தி நன்றாகத் தண்ணீர் இழுக்கும் என்பதை அடுத்த வாரம் என் ஸ்கூட்டரைத் துடைக்கும்போது கண்டுகொண்டேன். வீட்டுக்காரர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கதவில் ஒரு பழைய துவாலை தொங்கியது.

ரயிலில் ஆட்டிய தலை மட்டும் என்னை விடவில்லை. எதிர் இருக்கைக்காரரின் உறவினர் எங்கள் தெருவிலேயே இருந்தார். தெருவுக்குள் ஒரு வேலூர்க்காரர் வந்திருக்கிறார் என்று செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. 1900இல் ஐடா ஸ்கடர் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று அசாமில் எப்படிப்பட்ட பெயர் என்பதை அங்கே இருந்தால்தான் உணர முடியும். கன்னியாகுமரி தெரியாது, மதுரை தெரியாது, வேலூர் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பும் கையுமாக வீட்டு வாசலில் ஆள் நிற்பார்கள். எந்த நேரத்துக்குப் போனால் கூட்டம் குறைவு, எங்கே தங்கலாம், சமைத்துக்கொள்ள அறை கிடைக்குமா. நான் காட்பாடியில் இறங்கியதே இல்லை. என் மைத்துனன் ஒருவன் ராணிப்பேட்டையில் இருக்கிறான். அவனுக்குப் போன் போட்டுக் கேட்டு, கேட்டதைச் சொந்தச் சரக்காக விற்றேன். அவனுக்கும் அவ்வளவாகத் தெரியாது என்பது பிறகு வெளியானது.

அடுத்த வீட்டுக்காரர் என்னிடம் யோசனை கேட்டுத்தான் மனைவியின் மூட்டுவலிக்காகக் கிளம்பினார். திரும்பி வர ஒன்றரை மாதம் ஆயிற்று. வந்த மறுநாளே இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள், நல்ல செய்தியோடு. அந்த அம்மா தாமாகவே மாடிப்படி ஏறி வந்தார். நான் சொன்ன தங்கும் விடுதி இடித்து இரண்டு வருஷம் ஆகிறதாம். கணவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொன்னார். பிறகு "சாப்ட்டீங்களா?", "சில்லறை இல்ல", "டோக்கன் எங்க?" என்று தமிழில் பேசிக் காட்டினார். என் ஹிந்தியைவிட அவர் தமிழ் நன்றாக இருந்தது.

உபசரிக்க இட்லி வைத்தேன். அங்கே எனக்கு மாவு சரியாகப் புளிப்பதே இல்லை. புளிக்கவைக்க நான் செய்த வித்தைகளைச் சொல்லப்போவதில்லை. அவர் ஒன்றைப் பிட்டுப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவர் மனைவி எழுந்து என் சமையலறைக்குள் போய் மாவுப் பாத்திரத்தைத் திறந்து, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"உங்கள் ஊரில் உளுந்தைத் தனியாக ஊறவைத்துத் தனியாக அரைக்கிறார்கள், தெரியுமா?" என்றார் அந்த அம்மா. "நாங்கள் அங்கிருந்து கிரைண்டரே வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். நாளைக்குக் காலையில் அரிசியோடு வந்துவிடுங்கள். ஐந்து மணிக்கு. விடிந்துதான் இருக்கும்."