புயலுக்கு விலக்கு, பில்லுக்கு இல்லை

அனுப்புநர்:
வணிக வாடிக்கையாளர் ஒருவர்,
வரிக் கணக்கு அலுவலகம், மஞ்சக்குப்பம், கடலூர் – 1.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
வணிக இணையச் சேவைப் பிரிவு, பதிவு அலுவலகம், மும்பை.

பொருள்: மேனேஜ்டு லீஸ்டு லைன் சேவை – விதிமுறைகள் – பாராட்டும் சில ஐயங்களும் – தொடர்பாக.

பார்வை: பூதக்கண்ணாடி கொண்டு படிக்கப்பட்ட தங்கள் ஒப்பந்தம்.

ஐயா,

உங்கள் ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, இணைப்பு 'அ', இணைப்பு 'ஆ' உட்படப் படித்து முடித்தேன். லைன் இல்லாதபோது அலுவலகத்தில் வேறு வேலை ஓடாது என்பதால் இது சாத்தியமாயிற்று. உங்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் ஒரு பிரிவைக் காட்டி விளக்கம் கேட்டபோது, "அதெல்லாம் யாரு சார் படிக்கிறாங்க, கடைசிப் பக்கத்துல சீல் வெச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போதும்" என்றார். நல்ல பிள்ளை. ஸ்டாம்ப் பேடையும் அவரே கொண்டுவந்திருந்தார்.

முதலில் பாராட்டு. இதை எழுதியவர் சாதாரண வக்கீல் இல்லை. உலகத்தில் என்னென்ன நடக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்து, அத்தனைக்கும் கம்பெனி பொறுப்பல்ல என்று எழுதியிருக்கிறார். போர், கலவரம், வேலைநிறுத்தம், கொள்ளைநோய், நிலநடுக்கம், புயல், வெள்ளம், கடல் கொந்தளிப்பு, மின்வெட்டு, சாலையில் பள்ளம் தோண்டுகிறவர்கள், கொறிக்கும் பிராணிகள். எலியைக்கூட விடவில்லை. வெயில் அடித்து, யாரும் எதையும் தோண்டாமல், எலியும் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு நல்ல நாளில் லைன் போனால் மாட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அதற்கும் ஒரு வரி இருக்கிறது: 'கம்பெனியின் நியாயமான கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட, மேலே சொல்லப்படாத பிற காரணங்கள்.'

இதை மும்பையில் உட்கார்ந்து படித்தால் எப்படி இருக்குமோ தெரியாது. கடலூரில் படித்தால் சிரிப்பு வருகிறது. நீங்கள் 'எதிர்பாராத நிகழ்வுகள்' என்று போட்ட பட்டியல் எங்கள் காலண்டரில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்தில் கடல் ஏறி வந்தது. 2011 டிசம்பர் 30 காலை, எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையைக் கடந்தது; பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன, கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2015இல் வெள்ளம். 2020இல் நிவர். 2024இல் ஃபெஞ்சல் போய்விட்டது என்று மூச்சுவிட்டால், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரோடு தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை என்று வானிலைத் துறை வருஷா வருஷம் சொல்கிறது. ஐப்பசி பிறந்தால் இங்கே எந்தப் பாட்டியும் மெழுகுவத்தி வாங்கி வைத்துக்கொள்வாள். உங்கள் ஆட்கள் மட்டும் அதே ஐப்பசியில், அதே மின்கம்பத்தில், அதே ஃபைபரைத் தோரணம் போலக் கட்டிவிட்டுப் போகிறார்கள். காற்றடித்து அறுந்தால் அது தெய்வச் செயல். எங்கள் ஊர்ப் பாடலீஸ்வரர் கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். பழியை அவர்மேல் போடுமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்தப் பிரிவின் கடைசி வரியை நான் பலருக்கும் வாசித்துக் காட்டிவிட்டேன்: 'மேற்படி நிகழ்வுகள் எவையும் வாடிக்கையாளரின் கட்டணம் செலுத்தும் கடமையைப் பாதிக்கா.' அதாவது புயல் உங்கள் கம்பத்தைச் சாய்க்கும், என் செக் புத்தகத்தைத் தொடாது. வெள்ளம் உங்கள் ஜாயின்ட் பெட்டிக்குள் புகும், என் வங்கிக் கணக்கின் வாசலில் நின்றுவிடும். அந்த மாதத்து வாடகையைத் தாமதமாகக் கட்டினால் வட்டி வேறு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கொண்டுவந்த சேவைத் தர விதிகள், ஒரு மாவட்டத்தில் நெட்வொர்க் 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் அந்த நாட்களின் வாடகையைக் கழிக்கச் சொல்கின்றன என்று கேள்விப்பட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். அதிலும் இயற்கைப் பேரிடருக்கு விலக்கு. டெல்லியில் இருப்பவர்களுக்கும் எங்கள் டிசம்பர் தெரியாது போலிருக்கிறது.

இந்த விஷயத்தில் உங்களைவிட வரித் துறைக்கு ஈரம் அதிகம் என்று, வரி வேலை பார்க்கும் நானே எழுத வேண்டி வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களுக்கு ஜிஎஸ்டி படிவம் போடும் கெடுவைத் தள்ளிவைத்தார்கள். நீங்கள் பில் தேதியைத் தள்ளிவைத்ததாகச் சரித்திரம் இல்லை.

அடுத்து வேகம். 100 எம்பிபிஎஸ் உறுதி என்கிறது முதல் பக்கம். அந்த உறுதி உங்கள் கேட்வே வரைதான், அதற்கு அப்பால் யாரும் உறுதி தர முடியாது என்கிறது இணைப்பு 'ஆ'. சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாமாம்: என் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களை எல்லாம் கழற்றிவிட்டு, ஒரே லேப்டாப்பை நேரடியாகச் செருகி, உங்கள் சர்வரில்.

இந்த 'வரை' எங்கள் ஊருக்குப் பழக்கமானதுதான். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. சென்னையில் அப்போது கவர்னர் எலிஹூ யேல். பீரங்கியை எப்படிக் கெட்டித்து எப்படிச் சுடுவது என்பது சுடுகிறவன் சாமர்த்தியம். சுட்டார்கள், குண்டு விழுந்த இடம் வரை ஊர்கள் கம்பெனி வசமாயின. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். குண்டு உப்பலவாடி இன்னும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. அந்தக் கம்பெனியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் அவர்கள் வெட்டவெளியில், ஊரார் பார்க்கச் சுட்டார்கள். நீங்கள் சுடுவதும் அளப்பதும் உங்கள் கோட்டைக்கு உள்ளேயே.

இனி 'மேனேஜ்டு' விஷயம். ரவுட்டர் உங்களுடையது. பாஸ்வேர்டு உங்களிடம். கரண்ட், யுபிஎஸ், ஏசி, தூசி தட்டுவது என்னுடையது. இடி விழுந்து ரவுட்டர் கருகினால் முழு விலையும் நான் தர வேண்டும். இடி தெய்வச் செயல் ஆயிற்றே என்று கேட்டேன். அந்தப் பிரிவு கம்பெனிக்கு மட்டும்தான் பொருந்துமாம்.

இதற்கெல்லாம் பதிலாக, இரவும் பகலும் என் ரவுட்டரை நீங்கள் கண்காணிக்கிறீர்கள். நம்புகிறேன், மாதாமாதம் நிமிஷ சுத்தமாக வரைபடம் அனுப்புகிறீர்கள். என் லைன் அறுந்ததும் எங்கேயோ ஒரு கண்காணிப்பு மையத்தில் பச்சைப் புள்ளி சிவப்பாகிறது. ஆகவே லைன் போனது எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். ஆனால் தடங்கல் நேரம் வாடிக்கையாளர் புகார் எண் பெற்ற நிமிஷத்திலிருந்துதான் எண்ணப்படும் என்று எழுதியிருக்கிறீர்கள். புகார் எண் வாங்க உங்கள் போர்ட்டலுக்குள் போக வேண்டும். போர்ட்டலுக்குள் போக இணையம் வேண்டும். சரி, போன் செய்யலாம் என்றால், சங்கீதம் முடிந்து ஒரு பெண் வருகிறார்.

"ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டீங்களா சார்?"

"பண்ணிட்டேம்மா. எல்ஓஎஸ் லைட் செவப்பா மினுக்குது."

"உங்க சைடுல பவர் இருக்கா சார்?"

"இருக்கறதாலதாம்மா லைட் மினுக்குது."

அவர்மேல் குற்றமில்லை. அவருக்கு முன்னால் இருக்கும் பட்டியலில் அந்தக் கேள்வி இருக்கிறது. கேட்காமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. இந்த உரையாடல் முடிந்து எண் கிடைத்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அதுவரை, உங்கள் கணக்கில், என் லைன் நன்றாக இருக்கிறது.

இந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் 99.5 சதவீதம் என்கிறீர்கள். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அரை சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 44 மணி நேரம் எந்தக் கேள்வியும் இல்லாமல் லைன் படுத்துக்கிடக்கலாம். பராமரிப்பு நேரம் தனி, தெய்வம் தனி, எலி தனி. இத்தனையும் கழித்து மிஞ்சுகிற தடங்கலுக்கு, நானாக எழுதிக் கேட்டால், அன்றைய வாடகையில் ஒரு பங்கு அடுத்த பில்லில் கழியும். லைன் போன நாள் மாதத்தின் இருபதாம் தேதியாக இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மளிகைக் கடைக்காரர், ஹார்டுவேர் கடைக்காரர், லாரி வைத்திருப்பவர், எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்குக் கெடு முடியும் ஜிஎஸ்டி 3பி படிவத்தைப் போடத் தவறினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு 18 சதவீத வட்டி. என் பையன் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டுக்கொண்டிருப்பான். ஓடிபி வந்து, பக்கம் சுற்றி, காலாவதியாகி, மறுபடி ஓடிபி வரும். நூறு எம்பிக்கு வாடகை கட்டும் அலுவலகத்தில் அன்றைக்குச் சோறு போடுவது மாத ரீசார்ஜ் சிம்.

சரி, வழக்குப் போடலாம் என்று பார்த்தால், அங்கேயும் உங்கள் வக்கீல் முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறார். மாடியில் குடியிருப்பவரிடம் வீட்டு இணைப்பு இருக்கிறது. நான் கட்டுவதில் ஒரு துளிதான் கட்டுகிறார். அவருக்கு நுகர்வோர் ஆணையம் உண்டு. 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தைக் காட்டி 2009இல் அடைக்கப்பட்ட அந்தக் கதவை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டது. ஆனால் 2019 நுகர்வோர் சட்டப்படி வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுகிறவன் நுகர்வோரே இல்லை. அதிகம் கட்டினேன், ஆகவே ஆள் இல்லாமல் போனேன். சுயதொழில் என்று வாதாடிப் பார்க்கலாம் என்றார் வக்கீல் நண்பர். எத்தனை வருஷம் ஆகும் என்றதற்கு டீ சொன்னார்.

டிராய் தனி ஆள் புகாரை விசாரிப்பதில்லை. தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் டெல்லியில். அங்கே வாடிக்கையாளர்கள் கூட்டமாகப் போனால்தான் கதவு திறக்கும். மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் உண்டு. அவர் உங்கள் கம்பெனிக்காரர். பேரம் பேசும் பலம் இல்லாதவன் தலையில் கட்டிய ஒப்பந்தம் செல்லாது என்று 1986இல் பிரஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதே என்று துள்ளினேன். இரண்டு பக்கமும் வியாபாரிகளாக இருந்தால் பொருந்தாது என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. நீங்களும் நானும் வியாபாரிகள். சமம்.

கடைசியாக நடுவர். தனி நடுவர், நீங்கள் நியமிப்பவர், உட்காருமிடம் மும்பை. முடிவில் அக்கறையுள்ள தரப்பே தனி நடுவரை நியமிக்கக் கூடாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அப்படி ஒருதலையாக நியமிக்கும் பிரிவு செல்லாது என்றுவிட்டது. உங்கள் ஒப்பந்தத்தில் இன்னும் 2018தான் நடக்கிறது. விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம், நீயே வந்து பார்த்துக்கொள், 15 நாளில் எழுத்து மூலம் எதிர்ப்பு வராவிட்டால் சம்மதம் என்று கொள்வோம் என்று 19ஆம் பிரிவு போட்டவர்களுக்கு இதைத் திருத்த மட்டும் நேரமில்லை. வந்து பார்ப்பதென்றால் எங்கள் மாவட்டத்திலேயே சிதம்பர ரகசியம் இருக்கிறது. அங்கே திரையை விலக்கினால் தங்க வில்வமாவது தொங்கும்.

உங்கள் சேவையில் ஒரே ஒரு நல்ல பகுதி உண்டு. பைக்கில் வரும் அந்தத் தம்பி. "அண்ணே, செம்மண்டலத்துல ஜேசிபி இழுத்துட்டாண்ணே, ஒரு மணி நேரம் குடுங்க" என்பான். மழையில் ஏணி போட்டு ஏறி, ஜாயின்ட் பெட்டியை இறக்கி, பைக் சீட்டின் மேல் வைத்துத் திறப்பான். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று இழைகளைப் பிரித்து, தோலை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, மிஷினில் எதிரெதிராக வைத்து மூடுவான். திரையில் இரண்டு முனைகளும் தெரியும், ஒரு பொறி, ஒன்றாகிவிடும். குடை பிடிப்பது நான். அவன் உங்கள் கம்பெனி ஆள் இல்லை, உங்கள் ஒப்பந்தக்காரரின் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறான். ஒப்பந்தத்தில் தேடினேன். ஓரிடத்தில் இருக்கிறான்: 'மூன்றாம் தரப்பினரின் செயல்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல.'

என் கோரிக்கை அதிகமில்லை. தடங்கல் நேரத்தை உங்கள் திரையில் புள்ளி சிவப்பான நிமிஷத்திலிருந்து எண்ணுங்கள். லைன் இல்லாத நாளுக்கு, அறுத்தது புயலோ எலியோ, வாடகை வாங்காதீர்கள். நஷ்டஈடு கேட்கவில்லை, தராத சரக்குக்குப் பில் வேண்டாம் என்கிறேன். வழக்கென்று வந்தால் கடலூர் நீதிமன்றம். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே போய்விடுவேன். இந்த மூன்று திருத்தங்களும் இன்று முதல் நம் ஒப்பந்தத்தின் பகுதி ஆகின்றன. லைன் இல்லாததால் இதை ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்புகிறேன். கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் எதிர்ப்பு வராவிட்டால், உங்கள் 19ஆம் பிரிவின்படி, நீங்கள் சம்மதித்துவிட்டதாகக் கொள்ளப்படும்.

இப்படிக்கு,
பாக்கி ஏதுமில்லாத வாடிக்கையாளர்.