கப்பல் கம்பெனி சமூகத்துக்கு ஒரு பனியன்காரன் விண்ணப்பம்

பெறுநர்:
கூடுதல் கட்டணப் பிரிவின் தலைவர் அவர்கள்,
(பெயரைச் சொன்னால் அதற்கும் பில் வரலாம் என்பதால் பெயர் குறிப்பிடப்படாத) கப்பல் கம்பெனி.

ஐயா,

தாங்கள் அனுப்பிய பில் கிடைத்தது. டெர்மினலில் பெட்டியைத் தூக்கி வைக்க ஒரு கட்டணம், பில் ஆஃப் லேடிங் அச்சடிக்க ஒரு கட்டணம், சீலுக்கு ஒன்று, பெட்டியைப் பராமரிக்க ஒன்று. திருப்பூரில் ஒரு டீ-ஷர்ட்டுக்குக் கூலி பேசும்போது நாங்கள் பைசாவில் பேரம் பேசுகிறவர்கள். தங்கள் பில்லைப் பார்த்த பிறகுதான், பேரமே பேசாமல் எப்படித் தொழில் செய்வது என்று புரிகிறது.

பராமரிப்புக் கட்டணம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. காலிக் கன்டெய்னர் வந்ததும் எங்கள் பேக்கிங் பையன் உள்ளே போய், கதவைச் சாத்தச் சொல்லி இருட்டில் நிற்பான். கூரையிலோ பக்கத்திலோ ஊசிமுனை அளவு வெளிச்சம் வந்தால் ஓட்டை என்று அர்த்தம். கடலில் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி அட்டைப்பெட்டி ஊறும். இந்த முறை வெளிச்சம் வரவில்லை, வெங்காய வாடை வந்தது. குழந்தைகள் உடுப்பு, அதுவும் வெள்ளை. இரண்டு ஃபேன் வைத்து ராத்திரி முழுக்கக் காற்றடித்து, கூட்டித் துடைத்து, கிராஃப்ட் பேப்பர் விரித்து, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்ட பிறகுதான் சரக்கை ஏற்றினோம். பராமரித்தது நாங்கள், கட்டணம் தங்களுக்கு. சரி, பெட்டி தங்களுடையதுதானே.

அதே பெட்டிக்குத் தாமத வாடகையும் போட்டிருக்கிறீர்கள். வியாழக்கிழமை வரவேண்டிய கப்பல் திங்களுக்குத் தள்ளிப்போய், அங்கிருந்து அடுத்த வாரத்துக்கும் போனது. கப்பல் தேதி உறுதியாகாமல் துறைமுகத்தில் பெட்டியை உள்ளே விடமாட்டார்கள். அதனால் அது எங்கள் வாசலில் லாரியோடு நின்றது. இலவச நாட்கள் தீர்ந்ததும் தங்கள் மீட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது. வராத கப்பலும் உங்களுடையது, நிற்கிற பெட்டியும் உங்களுடையது. நின்றதற்கு வாடகை மட்டும் என்னுடையதா என்று தூத்துக்குடி ஏஜென்டிடம் கேட்டேன். “அது சிஸ்டத்துல தானா ஏறுறது அண்ணாச்சி, யாரும் போடல” என்றார். யாருமே போடாத ஒன்றுக்கு எவ்வளவு கச்சிதமாக ஜி.எஸ்.டி. வேறு!

ஒருவழியாகப் பெட்டி தூத்துக்குடியிலிருந்து ஃபீடர் கப்பலில் ஏறி, கொழும்பில் இறங்கி, பெரிய கப்பலுக்குக் காத்துக் கிடந்தது. இந்தத் தூத்துக்குடி – கொழும்பு வழியில்தான் 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அவரை ஒழித்துக்கட்ட வெள்ளைக்காரக் கம்பெனி பயணக் கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். போட்டி என்று ஒன்று இருந்தால் கப்பல் கம்பெனிக்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் ஆகிவிடுகிறார்கள், பாருங்கள். இன்று துறைமுகத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. குடை கொடுக்கத்தான் ஆளில்லை.

2023 நவம்பரில் செங்கடலில் ஆயுதம் ஏந்தியவர்கள் ஒரு கப்பலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பின் தங்கள் கப்பல்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்ற ஆரம்பித்தன; ஐரோப்பாவுக்கு 10 முதல் 14 நாள் கூடுதல். மாலுமிகளின் உயிர் முக்கியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நான் வியப்பது தங்கள் கட்டணக் கலையை. செங்கடலில் போனால் போர் ஆபத்துக் கட்டணம், போகாவிட்டால் சுற்றுவழிக் கட்டணம். வீட்டிலேயே இருந்தால் என்ன கட்டணம் என்று கேட்க நினைத்தேன். புக்கிங்கை ரத்து செய்தால் அதற்கும் ஒன்று இருப்பதை ஏஜென்ட் காட்டினார்.

எங்கள் வியாபாரம் எஃப்.ஓ.பி. கடல் வாடகை, சரக்கை வாங்கும் ஹாம்பர்க்காரர் கொடுப்பது. தங்களைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. ஆனால் பெட்டி கப்பலில் ஏறும்வரை பொறுப்பு என் தலையில். கப்பல் ஏறிய தேதியிலிருந்துதான் எனக்குப் பணம் வரும் நாளே எண்ணப்படும். பேங்க் வட்டியோ தினமும் எண்ணப்படுகிறது. கோடைக்கு விற்க வேண்டிய பனியன் இலையுதிர்காலத்தில் போய்ச் சேர்ந்தால் அவர் தள்ளுபடி கேட்பார், இல்லை என் செலவில் விமானத்தில் அனுப்பச் சொல்வார். விமானத்தில் போன பனியனில் லாபம் தேடுவது, சாயப்பட்டறைத் தண்ணீரில் வெள்ளை தேடுவது. ஒரு நாள் பிந்தியதற்கு நான் இத்தனையும் கட்டுகிறேன். தாங்கள் பத்து நாள் பிந்தினால் ஒரு மின்னஞ்சல். அதிலும் ‘இயக்கக் காரணங்களால்’ என்ற இரண்டு சொல்.

தங்களைப் பார்த்து நானும் ஒரு கட்டண அட்டவணை தயாரித்திருக்கிறேன். தீபாவளிக்கு ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் தையல் லைன் காலியானால், தையல் நெரிசல் கட்டணம். நூல் விலை ஏறினால் நூல் சரிக்கட்டும் கட்டணம். இறங்கினாலும் அதுவே தொடரும், தங்கள் எரிபொருள் கட்டணத்தைப் போல. ஆர்டர் அதிகம் வந்தால் உச்சப் பருவக் கட்டணம். வராவிட்டால், மெஷின்கள் சும்மா நிற்பதற்கு ஒரு கட்டணம். இதை ஹாம்பர்க்காரருக்கு அனுப்பினேன். நல்ல நகைச்சுவை என்று பாராட்டி, அடுத்த ஆர்டரில் பீஸுக்கு ஐந்து சென்ட் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

எனவே விண்ணப்பம் ஒன்றே ஒன்று. தங்கள் அட்டவணையில், பெட்டி பிந்தினால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒரு வரி இருக்கிறது. அதன் கீழே, கப்பல் பிந்தினாலும் நாளொன்றுக்கு இவ்வளவு, அதே தொகை, எங்களுக்கு, என்று இன்னொரு வரி சேர்க்க வேண்டும். சிஸ்டத்தில் தானாக ஏறும்படி வைத்துவிட்டால் யாருக்கும் சிரமமிருக்காது.

அடுத்த ஆர்டருக்கும் ஹாம்பர்க்காரர் தங்களைத்தான் எழுதியிருக்கிறார். நாற்பதடி ஹை க்யூப், இரண்டு பெட்டி. புக்கிங் நம்பரை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் லாரிக்குச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
கட்டணமெல்லாம் கட்டி முடித்த
ஒரு பனியன் கம்பெனிக்காரன்,
திருப்பூர்.