முப்பதாம் வீரியத் தகப்பன்

மலேசியாவில், மலாக்காவின் செர்காமிலிருந்து ஜாசின் மருத்துவமனைக்குக் காரில் அரை மணி நேரம் போல ஆகும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. நம் ஆட்களுக்கு அந்தத் தூரமும் அதிகம், அந்த ஒரு வெள்ளியும் அதிகம். கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பா மகன்தான் பக்கம். அவன் ஹோமியோபதி படித்தவன், அல்லது படித்தவனுக்குப் பழக்கமானவன். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினால் போதும், வைத்தியம் தொடங்கிவிடும். நாக்கைப் படமெடுத்து அனுப்பச் சொல்வான். இடி இடித்தால் பயமா, கனவில் தண்ணீர் வருகிறதா, தாகமெடுத்தால் சில்லென்று குடிக்கத் தோன்றுகிறதா என்றெல்லாம் அக்கறையாக விசாரிப்பான். காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதை மட்டும் கேட்க மாட்டான்.

பாவம், அவனால் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டை எழுதித் தர முடியாது. அதனால் வேலைக்கு லீவு போட வேண்டிய அன்றைக்கு மட்டும் நமக்கு அலோபதி மேல் திடீர் பக்தி வந்துவிடும். கிளினிக்கில் வரிசையில் நின்று எம்.சி. வாங்கி, டாக்டர் கொடுத்த மருந்தைக் குப்பையில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஹோமியோபதிச் சர்க்கரை உருண்டையைச் சப்புவோம். சீட்டுக்கு ஒரு டாக்டர், உயிருக்கு ஒரு சித்தப்பா மகன்.

தூரத்திலிருந்து பார்ப்பது இவன் கண்டுபிடித்ததில்லை. ஹோமியோபதியைத் தொடங்கிய ஹானிமன், ஜெர்மனியின் கோத்தென் நகரில் இருந்த காலத்தில், வெளியூர் நோயாளிகளுக்குக் கடிதம் வழியாகவே மருந்து சொன்னவர். அவருக்கு வந்த கடிதங்கள் இன்றும் ஸ்டுட்கார்ட்டில் காப்பகத்தில் இருக்கின்றன. 1790-இல் சின்கோனா பட்டையைத் தானே தின்று பார்த்துத்தான் அவர் கொள்கை பிறந்தது. இரத்தம் வடிப்பதையும் பேதிக்குக் கொடுப்பதையும் பெரிய வைத்தியம் என்று கொண்டாடிய காலம் அது. ஒன்றும் செய்யாமல் விட்டவரே உத்தமர். இன்றைக்கு ஜாசினில் யாரும் இரத்தம் வடிப்பதில்லை. டெங்கிக் காய்ச்சல்காரனுக்கு இரத்தத் தட்டணுக்களை எண்ணிப் பார்க்கிறார்கள். குரல் செய்தியில் அதை எண்ண முடியாது.

உருண்டைக்குள் என்ன இருக்கிறது? புட்டியில் 30-ஆம் வீரியம் என்று போட்டிருந்தால், மூல மருந்தை நூறில் ஒரு பங்காக முப்பது தடவை கரைத்தது என்று பொருள். அதாவது ஒன்றுக்குப் பின்னால் அறுபது பூஜ்யம் போட்ட மடங்கு. பன்னிரண்டாவது தடவையிலேயே மருந்தின் கடைசி மூலக்கூறும் விடைபெற்றுவிடும். ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 176 ஆய்வுகளை அலசி, எந்த நோய்க்கும் இது பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று 2015-இல் எழுதி வைத்தது. காசநோய், மலேரியா, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு போன்றவற்றுக்கு இதை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே எச்சரித்தது. அதெல்லாம் வெள்ளைக்காரன் சதி என்போம். ஹானிமன் எந்த ஊர்க்காரர் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

சரி, வெறும் சர்க்கரைதானே, யாருக்கு என்ன கெடுதல்? கெடுதல் உருண்டையில் இல்லை. அதைக் கொடுப்பவரின் கணக்கில் இருக்கிறது. நோய் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. கூடினால், முதலில் கூடித்தான் குறையும், ஆகவே மருந்து இன்னும் நன்றாக வேலை செய்கிறது. அப்படியே இருந்தால் வீரியத்தை மாற்ற வேண்டும். செத்துப்போனால், முன்பு சாப்பிட்ட இங்கிலீஷ் மருந்து உடம்பைக் கெடுத்துவிட்டது. எந்தப் பக்கம் சீட்டு விழுந்தாலும் ஜெயிக்கிற ஆட்டக்காரர் இவர். இந்த ஆட்டத்தில் “நீ தோற்றாய்” என்று சொல்ல ஒரு வெளியாள் தேவை. அடுத்த வீட்டு நோயாளியாவது பொறுமை இழந்து வேறு டாக்டரிடம் ஓடிவிடுவான். பெற்ற பிள்ளை எங்கே ஓடும்?

2002 மே மாதம் சிட்னியில் ஒன்பது மாதப் பெண் குழந்தை ஒன்று இறந்தது. நான்கு மாதத்தில் அதற்குத் தோலில் கரப்பான் வந்தது. களிம்பு போட்டுக் கட்டுப்படுத்தக்கூடிய நோய். தகப்பன் தாமஸ் சாம் ஹோமியோபதி வைத்தியர். அதைப் பாடமாகவே கற்பித்தவர். தோல் நிபுணரிடம் காட்டச் சொன்னார்கள். அவர் உருண்டைகளிலேயே நின்றார். இந்தியாவுக்குக் கொண்டுபோய் அங்கேயும் ஹோமியோபதிதான். தோல் வெடித்துக் கிருமி புகுந்தது. உண்ட சத்தெல்லாம் புண்ணை ஆற்றவே போனது. எடை மூன்று மாதக் குழந்தையின் எடைக்கு இறங்கியது. கறுத்த முடி வெளுத்தது. கண்ணில் கிருமி தாக்கிய பிறகுதான் மருத்துவமனை. சில நாளில் மரணம். 2009-இல் நியூ சவுத் வேல்ஸ் நீதிமன்றம் தாய் தகப்பன் இருவரையும் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்றது. தகப்பனுக்கு அதிகபட்சம் எட்டு ஆண்டு, தாய்க்கு ஐந்து ஆண்டு நான்கு மாதம்.

அந்த வீட்டில் பாசத்துக்குக் குறைவு என்று நான் சொல்ல வரவில்லை. வைத்தியரும் தகப்பனும் ஒரே ஆளாக இருந்ததால், வைத்தியர் தவறும்போது தட்டிக்கேட்கத் தகப்பன் இல்லை. தகப்பன் கலங்கும்போது கைப்பிடிக்க வைத்தியர் இல்லை. அலோபதி டாக்டர் மட்டும் தன் பிள்ளைக்கு மருந்து எழுதுவதில்லையா என்று மீசை முறுக்குவார்கள். எழுதுகிறார்கள்தான். கூடாது என்று அவர்கள் சங்கங்களே சொல்கின்றன. வைத்தியன் தன் நோய்க்கே சரியான நீதிபதி ஆக மாட்டான், மனைவி மக்கள் படுத்தால் அவன் புத்தி கலங்கும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847-இலேயே தன் நெறிமுறையில் எழுதியது. தவிர, அந்த டாக்டரிடம் இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று இருக்கிறது. அவர் எவ்வளவு பாசமாகப் பார்த்தாலும் அந்த எண் மாறாது. உருண்டை வைத்தியருக்கு எதிராகச் சாட்சி சொல்ல அவர் வீட்டில் ஒரு தாள்கூடக் கிடையாது.

முன்பு நாம் வாழ்ந்த தோட்டத்தில் வைத்தியம் பார்க்க டிரஸ்ஸர் என்று ஒருவர் இருந்தார். பெரிய படிப்பு இல்லை. வெள்ளை உடுப்பும் சீசாவில் மிக்சரும்தான். பலர் அவரைக் கேலி செய்தார்கள். ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், கண் இமையை இழுத்துப் பார்ப்பார், தன் கை மீறினால் வண்டி ஏற்பாடு செய்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். தன் அறிவு எங்கே முடிகிறது என்று தெரிந்த மனிதர். தோட்டம் துண்டுபட்டு, லய வீடுகள் இடிந்து, நாம் தாமான் குடியிருப்புகளுக்குச் சிதறியபோது அவரும் போனார். அந்தக் காலி நாற்காலியில் சித்தப்பா மகனை உட்கார வைத்தது நாம்தான்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்தின் கீழ் ஹோமியோபதிக்கு அங்கீகாரமும் தந்தது. பதிவு செய்யலாம், முத்திரை பெறலாம். முத்திரை குத்தினால் சர்க்கரை மருந்தாகிவிடுமா? இனிப்புநீர், புற்றுநோய், சிறுநீரக நோய் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று சொல்கிறது. குடும்பக் குழுவில் வரும் குரல் செய்தியை எந்த அதிகாரி கேட்பார்? 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடையே அது இன்னும் மேலே. மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு உருண்டைக்கு மாறிய அத்தைக்குக் கால் விரல் கறுத்தபோது, சித்தப்பா மகனின் கைப்பேசி அணைந்திருக்கும். தடுப்பூசிக்குப் பதிலாகவும் உருண்டை தருகிறவர்கள் உண்டு. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) பழங்கதை என்பவர்களுக்கு ஒரு செய்தி: 2016-இல் இதே மலாக்காவில் அது ஏழு வயதுப் பிள்ளையைக் கொண்டுபோனது.

ஹோமியோபதி அன்பர்களே, உங்கள் உடம்பு உங்கள் உரிமை. நூறு புட்டி விழுங்குங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. பிள்ளைக்கு முதல் உருண்டை கொடுப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை டிகிரி, எத்தனை நாள், எத்தனை கிலோ எடை இறங்கினால் நான் தோற்றேன் என்று ஒப்புக்கொள்வேன். அந்தத் தாளையும் கார் சாவியையும் மனைவியிடம் கொடுங்கள். எல்லை தாண்டியதும் உங்கள் அனுமதி கேட்காமல் அவர் ஜாசினுக்குக் கிளம்பட்டும். தூரத்து நோயாளிக்கும் இதே தாளை அனுப்புங்கள், உங்கள் கையெழுத்தோடு. இதற்குச் சம்மதிக்காதவர் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கவில்லை. பிள்ளையை வைத்துத் தன் நம்பிக்கைக்கு வைத்தியம் பார்க்கிறார்.