ஜெர்மனிக்குப் போற புள்ளைக்கு

ஏ தாயி, ஜெர்மனிக்கு நர்சு படிப்புக்குப் போறியாம்ல. சந்தோசம். மூணு வருசம். ஒக்காந்து படிக்கிறது 2,100 மணி நேரம், வார்டுல நின்னு படிக்கிறது 2,500 மணி நேரம்னு அங்க படிக்கிற ஒங்க பெரியம்மா மக வீடியோவுல சொன்னா. நிக்கிறதுதான் கூட, பாத்துக்கோ. கல்யாண வீட்டுல ஒரு பந்தி பரிமாறச் சொன்னதுக்கு வலிக்குன்னு ஒக்காந்த காலுல்ல அது!

நம்ம ஊரு ஆசுபத்திரியில நர்சம்மா ஊசி போடுவா, மாத்திரை குடுப்பா, சார்ட்டு எழுதுவா. குளிப்பாட்டுறது, பல்லு வெளக்கி விடுறது, பெட்பேன் எடுக்கிறதெல்லாம் கூட வந்த மருமக பாடு. கட்டிலுக்குப் பக்கத்துல பாய விரிச்சு அவளும் அங்கனயே கெடப்பா. அங்க மருமக வருவா, பூவ வைப்பா, போயிருவா. குளிப்பாட்டப்போறது நீதான்.

அதுக்கும் வரிசை உண்டு. மொகத்துல ஆரம்பிச்சு கீழ போகணும். கீழ தொட்ட துணி மறுபடி மேல வரக்கூடாது. கட்டிலை ஒன் இடுப்பு ஒசரத்துக்கு ஏத்திக்கிட்டுத்தான் வேலையில எறங்கணும். இல்லேன்னா முப்பது வயசுலயே என் முதுகு ஒனக்கு வந்துரும். பல்செட்டைக் கழுவி டப்பாவுல போடுறப்ப எந்தப் பல்லு எந்தப் பாட்டியோடதுன்னு மாத்திப்புடாத. எதுக்கும் மொதல்ல கேட்டுட்டுத்தான் தொடணும். பெரியவரு இன்னைக்குக் குளியல் வேண்டாம்னா வேண்டாம்தான். நீ கசாயம் குடிக்க மாட்டேன்னப்ப ஒங்க ஆச்சி கேட்டாளா? மூக்கப் புடிச்சு ஊத்துனா. அந்த வைத்தியம் அங்க போலீசு கேசு.

2020லருந்து ஆசுபத்திரி, முதியோர் இல்லம், வீடு வீடாப் போயிப் பாக்கிறது எல்லாத்தையும் ஒரே படிப்பாக்கிட்டான். ஆசுபத்திரி மட்டுமில்ல, மத்த ரெண்டும் ஒனக்கு உண்டு. அதனால கழுத்துல ஸ்டெதஸ்கோப்பு மாட்டி எடுத்த போட்டோவ ஊருக்கு அனுப்ப அவசரப்படாத.

ஒனக்குப் பெரிய கண்டம் ஒன் தலைதான். காலேசுல வாத்தியாரு என்ன சொன்னாலும் பூம்பூம் மாடு மாதிரி ஆட்டியே பாசாயிட்ட. அங்க பழக்கி விடுற அக்கா ஷிப்டு மாத்துற நேரத்துல கடகடன்னு பொழிவா. பாதி புரியாது. கோச்சிங் சென்டர் ஜெர்மன் வேற, பவேரியாக் கெழவி பல்செட்டைக் கழட்டி வச்சுட்டுப் பேசுற ஜெர்மன் வேற. "புரிஞ்சுதா"ம்பா. நீ தலையச் சாச்சு ஒரு ஆட்டு ஆட்டுவ. அது ஆமாவா இல்லையான்னு நமக்கே பாதி நேரம் தெரியாது, வெள்ளக்காரி என்னத்தக் கண்டா?

அவங்க எண்ணு சொல்றதும் அப்பிடித்தான். 24-ஐ நாலும் இருபதும்பான். காதுல விழுந்த வரிசையில எழுதுனா 42. இன்சுலின்ல அந்த வித்தையக் காட்டிப்புடாத. புள்ளிக்குப் பதிலா கமா போடுவான்; ஒன்றரை மில்லிகிராமை 1,5-னு எழுதியிருப்பான். கமாவ முழுங்குனா பதினஞ்சு! புரியலேன்னா புரியலேன்னு சொல்லு, எழுதிக் காட்டச் சொல்லு. இங்க சிஸ்டர்கிட்ட ரெண்டு தரம் கேட்டா வாயாடிம்பாக. அங்க கேக்காமச் செஞ்சாத்தான் குத்தம். வீட்டுல ஏழு ஊருக்குக் கேக்கிற அந்த வாய, பெட்டியில மறக்காம எடுத்து வச்சுக்கோ.

ஞாயித்துக்கெழம கடை தொறக்க மாட்டான், சனிக்கெழமையே அரிசி வாங்கிரு.

கெளம்புறதுக்கு முந்திப் பழகிப் பாக்கணுமா? வெந்நி காயுது, துண்டு கொடியில கெடக்கு, முதுகு இந்தா இருக்கு. எங்க, மொதல்ல கேளு பாப்போம். ஜெர்மன்லயே கேளு, நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.