ஆப்ஷன் டி தம்பி

பந்தல்குடியில் இறங்கி, ‘ஆப்ஷன் டி தம்பி வீடு எது?’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடும். வீட்டில் இல்லையென்றால் டீக்கடையில் இருப்பார். கைலி, காதில் செருகிய பேனா, மடியில் ஆர்.எஸ். அகர்வாலின் தடிப் புத்தகம். விதைக் கம்பெனி நோட்டீஸ் எதையும் அவர் எறிய விடமாட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, கணக்குப் போட ஆகும்.

பெயர் வேண்டாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஊருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். படித்தது இன்ஜினியரிங். குறி வைத்திருப்பது மேல்படிப்பு. அமெரிக்கா என்றால் ஜி.ஆர்.இ., ஐ.ஐ.டி. என்றால் கேட், இரண்டும் கைவிட்டால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட். மூன்றுக்கும் ஒரே நேரத்தில் படிப்பதால் எதற்குப் படிக்கிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

‘ஆப்ஷன் டி’ என்ற பட்டம் வந்த கதை ஜி.ஆர்.இ.யில் தொடங்குகிறது. அதில் ஒரு வகைக் கேள்வி. இடப்பக்கம் ஓர் அளவு, வலப்பக்கம் ஓர் அளவு. இடது பெரிதென்றால் ஏ, வலது பெரிதென்றால் பி, சமமென்றால் சி, ‘கொடுத்த தகவலை வைத்துச் சொல்ல முடியாது’ என்றால் டி. எக்ஸின் வர்க்கம் பெரிதா, எக்ஸ் பெரிதா? வர்க்கம்தான் என்று வாய் முந்திக்கொள்ளும். எக்ஸ் இரண்டானால் வர்க்கம் நாலு, சரி. அரையானால் வர்க்கம் வெறும் கால். ஒன்றானால் இரண்டும் சமம். ஆகவே டி. இந்தக் கணக்கில் அடிபட்ட நாள் முதல் தம்பிக்கு உலகமே டி-யாகத் தெரிகிறது.

“தம்பி, இந்த வருசம் மழை உண்டா?”

“டி, அண்ணாச்சி.”

“மேலத்தெருப் பொண்ணு வீட்ல சம்மதம் சொல்லிட்டாங்களாமே?”

“தகவல் போதாது, சின்னையா.”

“பழைய பாக்கி எப்பத் தருவ?” என்று கடைக்காரர் கேட்டால் மட்டும் தம்பி வாய் திறக்க மாட்டார். ‘டி சொன்னா டீ கிடையாது’ என்று ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தம்பி ஃபூரியர் தொடரையும் லாப்லாஸ் மாற்றத்தையும் அரியர் இல்லாமல் தாண்டியவர். ஜி.ஆர்.இ.யில் கால்குலஸே கிடையாது. பள்ளிக்கூடக் கணக்குதான். திரையிலேயே கால்குலேட்டரும் கொடுத்துவிடுகிறார்கள். 2023 செப்டம்பரில் பரீட்சையையே சுருக்கிவிட்டதால் கணக்குப் பகுதி 27 கேள்வி, 47 நிமிஷம். முதல் 12 கேள்வியை ஒழுங்காகப் போட்டால் அடுத்த 15 கேள்வி கடினமாக வரும். நன்றாக வேலை செய்கிற மருமகளுக்கு மேற்கொண்டு வேலை வருகிற மாதிரி. கணக்குத் தெரியாமல் அங்கே விழுகிறவர்கள் குறைவு. கேள்வியைப் பாதி வாசித்துவிட்டுப் பாய்கிறவர்கள்தான் விழுகிறார்கள்.

பந்தல்குடியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். அதே வழியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறீர்கள். சராசரி வேகம் என்ன? அவசரக்காரர் ஐம்பது என்பார். தம்பி, “தூரம் குடுக்கலையே, டி” என்பார். இரண்டும் தப்பு. தூரம் எதுவானாலும் 48தான். 120 கிலோமீட்டர் என்று வைத்துப் பாருங்கள். போக 3 மணி நேரம், வர 2 மணி நேரம், மொத்தம் 240ஐ 5ஆல் வகுத்தால் தெரிந்துவிடும். மெதுவாகப் போன நேரம் கூடுதல், அதனால் சராசரியும் அந்தப் பக்கம் சாய்கிறது. இதை அந்த ரூட் பஸ் டிரைவரிடம் தம்பி விளக்கினார். “ஸ்டாண்டுல வண்டியக் கால் மணி நேரம் போட்டு வச்சிருப்போமே, அதச் சேத்தியா?” என்றார் டிரைவர். தம்பி மறுபடி டி-க்குப் போய்விட்டார்.

வீட்டில் நிலைமை இதைவிட மோசம்.

“ஏம்மா, ஒரு பருத்திக்காட்ட ஒருத்தி பத்து நாள்ல களையெடுப்பா. இன்னொருத்தி பதினஞ்சு நாள்ல எடுப்பா. ரெண்டு பேரும் சேந்தா எத்தன நாளாகும்?”

“யாரு யாரு?”

“யாரா இருந்தா என்னம்மா? ஆறு நாளு.”

“ஆளச் சொல்லாம நாளச் சொன்னா எப்பிடிடா? நம்ம கெழக்குவீட்டு மதினியும் அவ கொழுந்தியாளும்னா மாசமானாலும் முடியாது. பேச்சு ஓயணும்ல?”

தகவல் போதாது என்கிற ஞானம் யாரிடமிருந்து வந்தது என்பது தம்பிக்கு அன்றுதான் தெரிந்தது.

தொட்டிக் கணக்கை அவர் வாய்விட்டுப் படித்ததும் தவறாகப் போயிற்று. ஒரு குழாய் 4 மணி நேரத்தில் தொட்டியை நிறைக்கும், இன்னொன்று 6 மணி நேரத்தில் காலியாக்கும், இரண்டையும் திறந்து விட்டால் 12 மணி நேரத்தில் நிறையும். குடத்தோடு வரிசையில் நின்ற அத்தை ஒருத்தி, “தண்ணி விடுற நேரத்துல அடிக்குழாயத் தொறந்துவிட்டவன் எவன்? மொதல்ல அவனச் சொல்லு” என்று சேலையை இழுத்துச் செருகினாள். தொட்டிக் கணக்கு எழுதிய புண்ணியவான் இந்தக் கரிசக்காட்டுப் பக்கம் வராதது அவருடைய நல்ல காலம்.

டீக்கடை பெஞ்சின் இன்னொரு முனை ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்குச் சொந்தம். தம்பி யூடியூப் சார்ட்கட்டைப் புகழ்ந்தால் அவருக்குப் பொறுக்காது. அரைக்கால், மாகாணி, காணி, முந்திரி என்று 320இல் ஒரு பங்கு வரை வாய்க்கணக்காய்ச் சொன்ன பரம்பரை என்று ஆரம்பிப்பார்.

“சார்ட்கட்ட நேத்துப் பயலுக கண்டுபிடிச்சாங்கன்னு நெனைக்காத. காரிநாயனாரு கணக்கதிகாரத்துல எழுதி வச்சிருக்காரு. பலாப்பழத்த அறுக்காமலே சுளைய எண்ணலாம். காம்பச் சுத்தியிருக்கிற முள்ள எண்ணு, ஆறால பெருக்கு, அஞ்சால வகு.”

“நூறு முள்ளுன்னா நூத்தியிருவது சுளை. நீங்க அறுத்து எண்ணிப் பாத்தீங்களா சார்?”

“பந்தல்குடில பலாமரம் எங்கடா இருக்கு?”

“அப்ப இதுவும் டிதான் சார்.”

மார்க் குறைந்த மாதங்களில் தம்பிக்கு ராமானுஜன் ஞாபகம் வரும். “அவரே 1907ல எஃப்.ஏ. பரீட்சையில தேறல சார்” என்பார். வாத்தியாரிடம் இந்தப் பருப்பு வேகாது. “அவரு மத்த பாடத்துல விழுந்தவரு தம்பி. நீ கணக்குல விழுகிற.”

இவ்வளவு கேலிக்கும் ஆளான தம்பியின் மதிப்பு ஒருநாள் சாயங்காலத்தில் ஏறிவிட்டது. டீக்கடைக்கு ஒரு கடன் ஏஜென்ட் வந்தார். லட்ச ரூபாய் கடன், வட்டி வருஷத்துக்கு 12 சதவீதம் ஃப்ளாட், பன்னிரண்டு தவணை, தவணைக்கு 9,333 ரூபாய். ஆழ்துளைக் கிணறு போட நினைத்திருந்த அண்ணாச்சி பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். பேங்கில் கேட்டதற்கு 14 சதவீதம் என்றார்களாம், இது சல்லிசு என்பது அவர் எண்ணம். தம்பி நோட்டீஸைத் திருப்பி நாலு வரி எழுதினார்.

“பேங்க்காரன் பாக்கிக்கு மட்டுந்தான் வட்டி போடுவான், அண்ணாச்சி. இங்க மாசாமாசம் அசலும் கட்டுறீங்க. ஆறு மாசத்துல பாதிக் கடன் அடைஞ்சிரும். அதுக்கப்புறமும் முழு லட்சத்துக்கே வட்டி வாங்குறாங்க. நெசமான வட்டி 21 சதவீதத்துக்கு மேல. இதுல டி கெடையாது, ஏ. இந்தப் பக்கந்தான் பெருசு.”

ஏஜென்ட் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். பரீட்சைத் தாளில் போட்டிருந்தால் இந்தக் கணக்குக்கு ஒரு மார்க்கோ இரண்டு மார்க்கோ. டீக்கடையில் போட்டதால் ஒரு குடும்பத்தின் பருத்திக் காசு தப்பியது. சொல்லாமல் விட்ட வரியைத் தேடிப் படிக்கிற பழக்கத்தை அந்தத் தடிப் புத்தகந்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறது.

ஆனாலும் தம்பி இன்னும் ஒரு பாடம் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் புத்தகம் கிடையாது, ஊரைத்தான் பார்க்க வேண்டும். மழை வருமா, டி. மல்லிக்கு விலை நிற்குமா, டி. மக்காச்சோளத்தைப் படைப்புழுவும் காட்டுப்பன்றியும் விட்டுவைக்குமா, அதுவும் டி. எல்லாம் தெரிந்தும் புரட்டாசி பிறந்தால் மானாவாரிக்காரர் விதைப்பெட்டியை எடுக்கிறார். தகவல் போதாது என்று எழுதினால் பரீட்சையில் மார்க் உண்டு. கரிசலில் விதைத்தவனுக்குத்தான் விளைச்சல்.

அருப்புக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் தம்பியைப் பார்த்தால் ‘ரிசல்ட் என்னாச்சு’ என்று மட்டும் கேட்காதீர்கள். கடன் பத்திரம் ஏதாவது கையில் இருந்தால் கையெழுத்துப் போடுமுன் காட்டுங்கள். ஃபீஸ் வாங்க மாட்டார்.